ஐம்பத்தெட்டாம் பிழை

பேட்டை, திருநெல்வேலி
8 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சுந்தர்ராமன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சித்ரலேகா. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். உங்கள் 'பழைய வண்டி, புதிய பாதை' நிகழ்ச்சியை இதுவரை வந்த அறுபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் உங்கள் ரசிகை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

எங்கள் ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. ஏழு பேர், ஏழு வண்டிகள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எல்லோரும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடி உங்கள் நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். அரங்கு நிறைய நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் நாற்பத்தொரு கார்களையும் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே நீங்கள் செய்யும் பிழைகளைச் சொல்வார்கள். என் கையெழுத்து தெளிவாக இருப்பதால் நான் அவற்றை ஒரு நீள நோட்டில் எழுதுவேன். சொன்னவர் பெயர், நாள், நிகழ்ச்சியின் எத்தனையாவது நிமிடம் என்று எல்லாம் உண்டு. போன வாரம் நூற்று நாற்பத்து மூன்றாவது பிழை பதிவானது.

உங்களைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கொஞ்சம் தருகிறேன். சங்கத் தலைவர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி (இரும்புக் கடை, அம்பாசிடர்) சொல்வது: "அந்த ஆளு கார் வளக்கல வே. காருக்கு மாலையப் போட்டுப் படம் புடிக்கான்." தாணுமாலையன் மாமா பேட்டைத் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். நீங்கள் வெள்ளை ஷூவோடு வண்டிக்கு அடியில் படுத்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அலிமா பீவி அம்மா மேலப்பாளையத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மோரிஸ் மைனர் வைத்திருக்கிறார். அவர் மட்டும், "மனுசன் சிரிச்ச முகமா இருக்காரு, அதை ஒத்துக்கிடணும்" என்பார். அதையும் எழுதியிருக்கிறேன், பிழையாக அல்ல, ஓரத்தில்.

எல்லோரையும்விட அதிகப் பிழை கண்டுபிடித்தவர் என் அப்பா மகேஸ்வரன். அறுபத்தாறு பிழைகள். அவர் நில அளவையர். அரை அங்குலம் தப்பினாலும் பொறுக்கமாட்டார். அம்பாசிடரில் மார்க் ஒன்று என்று சொல்லிவிட்டு மார்க் இரண்டின் முகப்பைக் காட்டியது (பிழை 4), ஃபியட்டுக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தது (பிழை 23), இயந்திரத்தின் சூடான பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றியது (பிழை 58) எல்லாம் அவர் சொன்னவை. ஐம்பத்தெட்டுக்கு மட்டும் சங்கம் ஒரு வாரம் சிரித்தது. "காய்ச்சக்காரப் பிள்ளைக்கு நெத்தில பத்து போடுத மாதிரில்லா போடுதான்" என்று அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒருவருடைய பிழையை அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் எல்லாவற்றையும் பத்தொன்பது தாள்களில் படியெடுத்து அனுப்புகிறேன். 'மின்னஞ்சல் வேண்டாம், கைப்பட எழுதுங்கள்' என்று நிகழ்ச்சி முடிவில் முகவரி போடுகிறீர்கள் (அது பிழை 12, பகட்டு என்று தாணுமாலையன் மாமா கருதுகிறார்). அம்மாவுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியும். அஞ்சல் தலை அவர்தான் தந்தார். அப்பாவுக்குத் தெரியாது.

எழுபத்தொன்றாம் பிழை குறித்து எனக்கே ஐயம் உண்டு. ஊட்டியில் ஒரு வண்டியை வாங்கும்போது நீங்கள் அழுதீர்கள். அது நடிப்பு என்று அப்பா எழுதச் சொன்னார். நடிப்புதானா?

இப்படிக்கு,
ம. சித்ரலேகா

---

கோயம்புத்தூர்
20 ஜூன் 2025

அன்புள்ள சித்ரலேகாவுக்கு,

பத்தொன்பது தாள்களையும் ஒரே மூச்சில் படித்தேன். பிறகு மறுபடி படித்தேன்.

என்னைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 'கோமாளி' என்பார்கள், 'பணக்காரப் பொழுதுபோக்கு' என்பார்கள். யாரும் நிமிடம் குறித்ததில்லை. உன் அப்பாவும் நண்பர்களும் என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு வெட்கமும், சொன்னால் சிரிப்பாய், கொஞ்சம் கர்வமும் இருக்கிறது.

கணக்குத் தீர்க்கிறேன். தொண்ணூற்றாறு பிழைகளை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளை ஷூ தயாரிப்பாளர் கொடுத்தது; போடமாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. முப்பத்தேழாம் பிழையில் நீங்கள் சந்தேகப்பட்ட ஜமீன்தார் கதை முழுக்கப் பொய். அந்தக் கார் ஒரு பல் மருத்துவருடையது. 'பல் மருத்துவர் என்றால் யார் பார்ப்பார்கள்?' என்றார்கள், ஜமீன்தார் ஆக்கிவிட்டேன். அவர் மகள் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்து ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அது இன்னும் உறுத்துகிறது.

நாற்பது பிழைகள் ருசி சம்பந்தப்பட்டவை. கத்தரிப்பூ நிறம் எனக்குப் பிடிக்கும். அதில் நான் மாறப்போவதில்லை.

மீதி ஏழு உங்கள் சங்கத்தின் பிழைகள். அவற்றில் ஒன்று ஐம்பத்தெட்டு. ஈரத்துணி வேடிக்கை அல்ல. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: உன் அப்பாவிடம் என்ன வண்டி இருக்கிறது? ஆறு பேருடைய வண்டியும் தாள்களில் வருகிறது. அறுபத்தாறு பிழை கண்டவருடைய வண்டி மட்டும் வரவில்லை.

எழுபத்தொன்று: நடிப்பு அல்ல. ஆனால் கேமரா ஓடுகிறது என்பது தெரிந்தேதான் அழுதேன். அதற்கு என்ன பெயர் என்று நீயே முடிவு செய்.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டு. அப்பாவிடமும் சொல்லிவிடு, சீக்கிரம்.

அன்புடன்,
சுந்தர்ராமன்

---

பேட்டை
29 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

அம்மா உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "பரவால்லட்டி, பெரிய மனுசன் மாதிரிதான் எழுதியிருக்காரு" என்றார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு முறை அருகில் போய் நின்றேன். "என்னட்டி?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிட்டேன்.

எங்கள் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969, நான்கு கதவு, வெளிர் பச்சை. நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது அப்பா வாங்கினார். எங்கள் வீட்டில் முன்னறை, உள்ளே ஒரு அறை, ஒரு சமையலறை. முன்னறையில் தொலைக்காட்சி. உள் அறையில் அப்பாவின் வரைபடங்கள். அதனால் நான் ஆறு வயதிலிருந்து அந்த வண்டியின் பின் இருக்கையில்தான் படிக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் அங்கேதான் படித்தேன். இந்தக் கடிதத்தையும் அங்கேதான் எழுதுகிறேன். கதவைச் சாத்தினால் தெருவில் தண்ணீர் லாரி போவதுகூடத் தூரத்தில் போவதுபோல் கேட்கும்.

அது நோட்டில் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. தயவுசெய்து இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டி செய்துங்கநல்லூரைத் தாண்டாது.

ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் சங்கத்தின் ஏழு வண்டிகளும் கொடி கட்டிக்கொண்டு ஏரல் வரை போகும். பேட்டையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, அண்ணாச்சி பேசி முடித்துக் கிளம்பப் பத்து மணி ஆகிவிடும். பதினெட்டு, இருபது கிலோமீட்டர் போய்ச் செய்துங்கநல்லூர் வந்ததும் எங்கள் வண்டி இரண்டு முறை இருமும், நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பினாலும் அதை நம்பி மேலே போக முடியாது என்று தாணுமாலையன் மாமா கயிறு கட்டி இழுத்து வருவார். அப்பா தீப்பொறி தரும் காயிலை மாற்றினார், கண்டன்சர் மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினார், டேங்க்கைச் சுரண்டிக் கழுவினார். கயிற்றில் வரும் வழியெல்லாம் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் கேலி செய்யமாட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்காது.

இப்போது புறவழிச்சாலையில் புதிதாக வரும் ஓர் உணவகத்தின் உரிமையாளர் வண்டியைக் கேட்கிறார். முன்பாதியை மட்டும் அறுத்து எடுத்து, பழச்சாறு விற்கும் மேசையாக வைப்பாராம். அம்மா கெட்டவர் அல்ல. கொட்டகையில் வண்டி இல்லையென்றால் அதை ஓர் அறையாக்கி எனக்கே தரலாம் என்கிறார். அப்பாவிடம் ஒரே நிபந்தனை வைத்திருக்கிறார்: "இந்த வருசம் கயிறு கட்டாம ஏரல் போயிட்டு வந்துருங்க. அப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா அந்த ஆளுக்குக் குடுத்துருவோம்." அப்பா சம்மதித்துவிட்டார்.

நீங்கள் ஐம்பத்தெட்டைப் பற்றிச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து வண்டி நின்ற நாள், மணி, கிலோமீட்டர், மறுபடி கிளம்ப ஆன நேரம் என்று குறித்து வைத்திருக்கிறேன். பதினொரு தடவை. ஏதாவது பயன்படும் என்றால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சித்ரலேகா

---

கோயம்புத்தூர்
7 ஜூலை 2025

அன்புள்ள சித்ரலேகா,

படப்பிடிப்பு அவசரம், அஞ்சலட்டைதான். அட்டவணையை அனுப்பு. வரும் ஞாயிறு நிகழ்ச்சியை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். உனக்கு ஓர் ஆச்சரியம் இருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் மறுத்தார், நான் விடவில்லை.

சுந்தர்ராமன்

---

பேட்டை
14 ஜூலை 2025

ஐயா,

பிழை எண் நூற்று நாற்பத்து நான்கு. நாள் 13 ஜூலை, ஒன்பதாவது நிமிடம்.

"திருநெல்வேலி பேட்டையில் சித்ரலேகா என்று ஒரு பள்ளி மாணவி, நான் செய்த பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார்" என்று தொடங்கினீர்கள். தொண்ணூற்றாறு பிழைகளையும் ஒப்புக்கொண்டீர்கள். ஜமீன்தார் பொய் என்றீர்கள், பல் மருத்துவரின் மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். அதுவரை நன்றாக இருந்தது. அலிமா பீவி அம்மா கைகூடத் தட்டினார். அண்ணாச்சி, "ஏட்டி, நம்ம நோட்டையா அனுப்புன?" என்று என்னைப் பார்த்தார். கோபமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "என்னிடம் அறுபத்தாறு பிழை கண்டுபிடித்தவரின் சொந்த வண்டி செய்துங்கநல்லூரைத் தாண்டாதாம்!"

முன்னறையில் ஒன்பது பேர் இருந்தோம். அப்பா எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். "எல்லாரும் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். யாரும் குடிக்கவில்லை.

உணவகக்காரரும் பார்த்திருக்கிறார். இன்று காலையே அழைத்து, டிவியில் வந்த கார் என்று பலகை எழுதி வைக்கப்போவதாகச் சொன்னார். அப்பா, "ஆகஸ்ட் வரைக்கும் எதுக்கு? இந்த மாசமே எடுத்துக்கிடுங்க" என்றார். அம்மாதான், "பேசின பேச்சு ஆகஸ்ட்டுல்லா?" என்று ஃபோனை வாங்கி நாள் தள்ளியிருக்கிறார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டும் என்றால் அம்மாவிடம் கேட்கிறார், உப்பு என் அருகில் இருந்தாலும்.

'உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தேன். நான் அனுப்பிய கடிதத்தை நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

அட்டவணையை அனுப்பமாட்டேன்.

சித்ரலேகா

---

கோயம்புத்தூர்
21 ஜூலை 2025

அன்புள்ள சித்ரலேகாவுக்கு,

எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறாய். படித்துத்தான் இருக்கிறேன்.

ஒளிப்பதிவின்போது அந்த வரி எழுதி வைத்ததில் இல்லை. தொண்ணூற்றாறு பிழைகளை வரிசையாக ஒப்புக்கொண்டு வரும்போது அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது பழக்கம் இல்லை. ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டேன். கிடைத்தது உன் அப்பாவின் மானம். நூற்று நாற்பத்து நான்கை ஒப்புக்கொள்கிறேன். மற்ற தொண்ணூற்றாறும் சேர்ந்தால்கூட இதற்கு ஈடாகாது.

நேற்றைய நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் உன் அப்பாவை மறுபடியும் ஊரே பார்க்கும். அதனால் கேட்கவில்லை. இதையாவது சரியாக யோசித்தேனா என்று தெரியவில்லை.

வண்டியை நானே வாங்கிக்கொள்கிறேன். அறுக்கமாட்டேன், நிறம் மாற்றமாட்டேன், எழுதித் தருகிறேன். நீ எப்போது வந்தாலும் பின் இருக்கையில் உட்கார்ந்து படிக்கலாம்.

இது வேண்டாம் என்றால், ஐம்பத்தெட்டைப் பற்றி நான் தரவேண்டிய விளக்கத்தையாவது வாங்கிக்கொள். சில பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்பும் குழாயும் இயந்திரத்தின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கடும் வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளும் பம்பு ஆவியைத் தள்ளாது. வண்டி இருமும், நிற்கும். ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடியபிறகு என் வண்டிகளில் இது முன்னைவிட அதிகம். ஈரத்துணி பம்பைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். உங்கள் ஹெரால்டுக்கு அதுதான் நோயா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. உன் அட்டவணை சொல்லும். எனக்கு அனுப்பவேண்டாம். நீயே பார்.

சுந்தர்ராமன்

---

பேட்டை
3 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வண்டியை உங்களுக்குத் தரமாட்டோம். நாற்பத்தொரு வண்டிகளுக்கு நடுவில் அது நாற்பத்திரண்டாவதாக நிற்பதற்கும், பழச்சாற்று மேசையாக நிற்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஒரு வாரம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அட்டவணையைப் பார்த்தேன். பதினொரு தடவையில் பத்துத் தடவை வண்டி நின்றது காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில். ஒரு தடவை காலை ஒன்பதே கால். அது சித்திரை மாதம். மறுபடி கிளம்ப ஆன நேரம் மே மாதத்தில் நாற்பது நிமிடம், டிசம்பரில் பதினைந்து. போன ஐப்பசியில் மழைக்குள் ஸ்ரீவைகுண்டம் வரை போய்த் திரும்பினோம், நிற்கவே இல்லை. அன்று அப்பா புதிதாக மாட்டிய காயில்தான் காரணம் என்று நினைத்தோம். அதே காயிலோடு அடுத்த மாசியில் நின்றது. இத்தனை வருடம் நானே எழுதிவைத்துவிட்டு நானே படிக்காமல் இருந்திருக்கிறேன்.

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் நோட்டில் ஐம்பத்தெட்டாம் எண்ணுக்கு நேரே அவர் பெயரே இருக்கிறது. உங்கள் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். அதனால் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. வரைபடத் தாளில் கீழே மணி, பக்கவாட்டில் காத்திருந்த நிமிடம் என்று பதினொரு புள்ளிகள் வைத்து, நின்ற மாதத்தைச் சிவப்பு மையால் எழுதி, அவர் மேசையில் வைத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா வந்தார். முன்கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இருபது நாட்களுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"அளந்து வச்சிருக்கியாட்டி?"

"ஆமாப்பா."

"எப்பத்துல இருந்து?"

"எட்டாங் கிளாஸ்ல இருந்து."

"ஒவ்வொரு தடவையும் மணி பாத்தியா? தோராயமா போடலியே?"

"உங்க வாட்ச்சத்தான் எட்டிப் பாப்பேன்."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "நான் முன்னால உக்காந்து கருகிக்கிட்டு இருந்திருக்கேன். நீ பின்னால உக்காந்து அளந்துக்கிட்டு இருந்திருக்க" என்றார். பிறகு தாளை மடியில் விரித்து, சித்திரை மாதப் புள்ளியை விரலால் தொட்டு, "சூடுதான்" என்றார். அந்த ஒரு சொல்தான். அதற்குமேல் உங்கள் கடிதத்தை மறைப்பது பொய் என்று தோன்றியது. எடுத்துக் கொடுத்தேன்.

முழுக்கப் படித்தார். 'கிடைத்தது உன் அப்பாவின் மானம்' என்ற வரியை மறுபடி படித்தார். கடைசியில், "கதை விடுத ஆளுன்னுதான் நெனச்சேன். பம்பு விசயத்துல கதை விடல" என்றார். உங்களை மன்னித்தாரா என்று கேட்டேன். "அது வேற. இது வேற" என்று இறங்கிப் போனார்.

அடுத்த கூட்டத்தில் அவர் இதைச் சங்கத்தில் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு ஏரலைவிடத் தூரம்.

இப்படிக்கு,
சித்ரலேகா

---

கோயம்புத்தூர்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சித்ரலேகா,

உன் முதல் பத்தி என்னை அரங்குக்கு அனுப்பியது. விளக்குப் போட்டு நாற்பத்தொரு வண்டிகளையும் வரிசையாகப் பார்த்தேன். இந்த வருடம் நூறு கிலோமீட்டராவது ஓடியவை எத்தனை என்று எண்ணினேன். ஆறு. திங்கட்கிழமையிலிருந்து தினம் ஒன்றை வெளியே எடுக்கிறேன். கேமரா இல்லாமல்.

உன் அப்பாவுக்கு என் பெயரால் எதுவும் சொல்லவேண்டாம். ஒரே ஒரு குறிப்பு, பம்புக்காக: துணி காயும் முன்பே தண்ணீர் ஊற்றவேண்டும். வண்டி இருமும் வரை காத்திருக்கக்கூடாது.

பதினைந்தாம் தேதி என் ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன், அதில் உன் கடிதம் வராது என்று தெரிந்தும்.

சுந்தர்ராமன்

---

ஏரல்
15 ஆகஸ்ட் 2025, மதியம் ஒன்றரை மணி

அன்புள்ள சுந்தர்ராமன் சார்,

முகவரியைப் பாருங்கள். ஏரல்! ஆற்றங்கரையில் ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால், மடியில் வைத்து எழுதுவதுதான் காரணம். இங்கே உள்ள பெட்டியிலேயே போட்டுவிடப் போகிறேன்.

போன ஞாயிறு அப்பா சங்கத்தில் எழுந்து நின்றார். வரைபடத் தாளைச் சுவரில் ஒட்டி, நிலப்பிரச்சினைக்கு விளக்கம் சொல்வதுபோல் குச்சியை வைத்து ஒவ்வொரு புள்ளியாகக் காட்டினார். முடித்துவிட்டு, "அம்பத்தெட்டாவது பிழை என் பேர்ல இருக்கு. அதை அடிச்சிருங்க" என்றார்.

அண்ணாச்சி விடவில்லை. "ஏய் மகேசா, அந்தக் கோயம்புத்தூர்க்காரன் பேச்சக் கேட்டு நம்ம ஹெரால்டுக்குப் பத்து போடப் போறீராவே?"

"அவன் பேச்ச இல்ல அண்ணாச்சி. எம் பொண்ணு அளவ."

தாணுமாலையன் மாமா தாளுக்குப் பக்கத்தில் போய் மூக்கு உரசப் பார்த்தார். "நான் அஞ்சு வருசமா கயிறு கட்டி இழுக்கேன். ஒரு தடவகூட இதை யோசிக்கலியே. என்னத்துக்குப் பட்டறை வச்சிருக்கேன்?" என்றார். அலிமா பீவி அம்மா சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தார். ஐம்பத்தெட்டின் மேல் அளவுகோலை வைத்துக் கோடு போட்டேன். நோட்டில் முதல்முறையாக ஒரு பிழையை எடுக்கிறோம்.

இன்று அண்ணாச்சி வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். கிளம்பும்போது பத்தேகால். வெயில் தாரில் மினுங்கியது. அம்மா வருகிறேன் என்று சொல்லவே இல்லை. கடைசி நிமிடத்தில் புளியோதரைத் தூக்கோடு வந்து பின் இருக்கையில் என்னைத் தள்ளி உட்கார்ந்தார். "நிபந்தனை போட்டவ நேர்ல பாக்காண்டாமா?" என்றார்.

கிருஷ்ணாபுரத்தில் அப்பா நிறுத்தி, முன்பக்கம் முழுவதையும் தூக்கித் திறந்தார். கிளம்பும்போது பம்பில் சுற்றிய ஈரத்துணி பாதி காய்ந்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினோம். பின்னால் வந்த ஆறு வண்டிகளும் நின்றன. இறங்கி வந்த அண்ணாச்சி சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தத் துணி சின்னதுவே" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து நனைத்து அவரே இன்னொரு சுற்றுச் சுற்றினார். செய்துங்கநல்லூரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பதினொரு நிமிடம். நடுவெயிலில், ஓடும் இயந்திரத்தோடு. அப்பா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். தாளம் சரியாக இல்லை. வண்டி ஒருமுறை இருமியது. அம்மா என் முழங்கையைப் பிடித்தார். கேட் திறந்தது. அப்பா பைய கிளட்ச்சை விட்டார். போனது.

கருங்குளத்தையும் தாண்டினோம். பிறகு அப்பா, "செய்துங்கநல்லூர் போயிருச்சாட்டி?" என்றார், தெரியாதவர் மாதிரி. "போயிருச்சுப்பா, அஞ்சு கிலோமீட்டர் ஆச்சு." அவர் முகத்தை வலது ஜன்னல் பக்கம் திருப்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா எதுவும் இல்லை சார். எழுபத்தொன்றையும் நான் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு செம்பு, பேரூரில் ஒரு செம்பு. பன்னிரண்டு மணிக்கு ஏரல்.

இன்னும் திரும்பிப் போகவேண்டும். நிபந்தனை போய்வருவது. அதை அம்மாவுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவின் ஃபோன் அடித்தது. உணவகக்காரர். நாளைக் காலை வண்டியை ஏற்ற லாரி அனுப்பட்டுமா என்று கேட்டார். குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அம்மா எச்சில் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் ஃபோனைப் பிடித்து, "வண்டி ஏரல்ல நிக்கி. விக்கிறதா இல்ல. நீங்க மேசைக்கு ஆசாரியக் கூப்பிட்டுக்கிடுங்க" என்றார். வைத்துவிட்டு மீதிச் சோற்றை உருட்டினார்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "இன்னும் திரும்பலியே, விஜயஸ்ரீ."

"தெரியும். எப்பக் கிளம்புவோம்? வெயில் தாழட்டும்னா, சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல."

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். மேலே பார்த்தார். ஆற்று மணலைப் பார்க்கவே கண் கூசியது. தாணுமாலையன் மாமா தன் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்து, மரத்தடியில் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டிருந்தார்.

"இல்ல," என்றார் அப்பா. "வெயில்லயே போவோம்."

கூப்பிடுகிறார். போகிறேன்.

சித்ரலேகா